கணவர் வெளியூரில், கார் வீட்டில்

காரை உயிராக நினைக்கும் கணவர் வேலை நிமித்தம் வாரக்கணக்கில் வெளியூர் போகும்போது, சில வீடுகளில் சாவியும் கூடவே போய்விடும். காருக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. நிற்கும் காரிலும் அலாரம், கடிகாரம் என்று ஏதாவது ஒன்று 12 வோல்ட் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கும். டயரில் காற்று இறங்கும். பானெட்டுக்குள் எலி குடியேறி ஒயரைக் கடிக்கும். "தினம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வெச்சா போதும்மா" என்பார் போனில். போதாது. ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரமே அந்த ஐந்து நிமிடத்தில் முழுதாகத் திரும்பாமல் போகலாம். எஞ்சின் நன்றாகச் சூடேறாததால் சைலன்சருக்குள் ஈரமும் தங்கும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் மனைவியே ஓட்டிவிட்டு வருவதுதான் சரி.

கீறல் விழுமே என்பது அடுத்த கவலை. நியாயமான கவலைதான், ஆனால் முழுக் காப்பீடு இருந்தால், லைசென்ஸ் உள்ள மனைவி ஓட்டும்போது ஏற்படும் சேதத்துக்கும் பொதுவாக இழப்பீடு உண்டு. பெரிய நஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது: காப்பீடு முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால், வருடக்கணக்கில் சேர்ந்த 'நோ கிளைம் போனஸ்' போய்விடும். நினைவூட்டும் குறுஞ்செய்தியோ அவர் போனுக்குத்தான் வரும். காப்பீடு முடியும் தேதியைச் சமையலறைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். ஓட்டவே ஆளில்லாத மாதங்களில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைத்தால் பிரேக் ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தால் போதும்.