மரக்கட்டைகளும் மழலையர் தமிழும்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று கேட்டார்கள் நம் முன்னோர். ஐந்து வயதுப் பிள்ளையை எதைக் கொண்டு வளைப்பது என்பதில்தான் இன்று நம்மிடையே கருத்து வேறுபாடு. பயிற்சி நூலும் பென்சிலும் போதும் என்பார் பலர். அவற்றுக்கு முன் சில மரக்கட்டைகளும் கொஞ்சம் பொறுமையும் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

மன்றத்தின் சமூகப் பணிக்காகச் செமினியில் ஒரு பாலர் பள்ளிக்குச் சனிக்கிழமைதோறும் சென்று வந்தேன். அங்குள்ள பிள்ளைகள் பெரும்பாலோர் தமிழைப் புரிந்து கொள்வார்கள். பதில் மட்டும் மலாயிலோ ஆங்கிலத்திலோ வரும். அவர்களுள் ஒரு சிறுவன், நான் சென்ற முதல் நான்கு வாரங்களும் என்னிடம் ஒரு சொல்கூடத் தமிழில் பேசவில்லை. அவனை முதலாம் ஆண்டில் தமிழ்ப்பள்ளியில் சேர்ப்பதா, வேண்டாமா என்று பெற்றோர் யோசித்துக் கொண்டிருந்தனர். "இவனுக்குத் தமிழ் வராதுங்க" என்று அவன் தாயார் அவன் எதிரிலேயே சொன்னார். அந்தச் சொல்தான் என்னைக் கட்டைகளின் பக்கம் தள்ளியது.

கட்டையின் வரலாறு

மரக்கட்டையைக் கல்விக் கருவியாக்கியவர் ஜெர்மனியைச் சேர்ந்த பிரடெரிக் புரோபல். 1837இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் சிறுவர்க்கான நிலையத்தைத் தொடங்கி, 1840இல் அதற்குக் 'கிண்டர்கார்டன்' எனப் பெயரிட்டார். 'குழந்தைகளின் தோட்டம்' என்பது அதன் பொருள். அவர் அமைத்த மூன்றாம் 'பரிசு', ஓர் அங்குலக் கனசதுரங்கள் எட்டு அடங்கிய சிறு பெட்டி. எட்டும் சேர்ந்தால் ஒரு பெரிய கனசதுரம். முழுமையும் பகுதியும் என்ற கணிதக் கருத்தைப் பிள்ளை கையாலேயே உணர்கிறது.

இன்று பல பாலர் பள்ளிகளில் காணும் நீள்சதுரக் கட்டைகளை வடிவமைத்தவர் கரோலின் பிராட். 1914இல் நியூயார்க்கில் பள்ளி தொடங்கிய ஆசிரியை இவர். தடிப்பைப் போல் இரு மடங்கு அகலம், அகலத்தைப் போல் இரு மடங்கு நீளம் என்பதே இவரது கட்டையின் இரகசியம். அதனால் எதை எதோடு சேர்த்தாலும் பொருந்தும்.

நம் தமிழகத்துக்கும் இதில் பங்குண்டு. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை பத்துக் கனசதுரங்களை அடுக்கும் இளஞ்சிவப்புக் கோபுரம் அவரது முறையில் புகழ்பெற்ற கருவி.

பால்மரமே மூலப்பொருள்

கட்டைப் பெட்டியின் விலையைக் கடையில் கேட்டு மலைத்துத் திரும்பினேன். பிறகு, நாற்காலி மேசை செய்யும் ஒரு பட்டறையில் துண்டு மரம் கேட்டேன். தவுக்கே எடுத்துக் கொடுத்தது நம் பால்மரம்!

செமினியைச் சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. ரிஞ்சிங் போன்ற பெயர்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளில் நிலைத்து விட்டன. ஏறத்தாழ 25, 30 ஆண்டுகள் பால் கொடுத்த மரத்தை வெட்டி விடுவார்கள். முன்பு அடுப்புக்கும் சூளைக்கும் போன அம்மரம், பின்னர் மலேசியத் தளவாடத் தொழிலின் முக்கிய மரமாயிற்று. வெளிர் நிறம், கைக்கு அடக்கமான எடை, இழைத்தால் வழவழப்பு ஆகிய மூன்றும் விளையாட்டுக் கட்டைக்குப் பொருத்தமானவை.

நான் தயாரித்த அளவுகள் இவை. தடிப்பு 3.5 செ.மீ., அகலம் 7 செ.மீ. என்பது எல்லாக் கட்டைக்கும் பொது. நீளம் மட்டும் மாறும்.

ஒன்று: 14 செ.மீ. (24 கட்டைகள்)
அரை: 7 செ.மீ. (12 கட்டைகள்)
கால்: 3.5 செ.மீ. (8 கட்டைகள்)
இரட்டை: 28 செ.மீ. (8 கட்டைகள்)

மொத்தம் 52 கட்டைகள். அறுக்கும்போது வீணாவதையும் சேர்த்து ஏறத்தாழ 7 மீட்டர் நீளமுள்ள மரம் போதும். நான்கு பிள்ளைகள் தாராளமாக விளையாடலாம். முனைகளை மணல்தாளால் நன்கு தேய்க்க வேண்டும். பழைய வண்ணச்சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும். ஆகவே சாயம் பூசிய பழைய பலகையைத் தவிர்க்கவும். சரக்கு ஏற்றும் பலகைத் தட்டுகளில் 'எம்பி' என்ற முத்திரை இருந்தால் அது நச்சுப்புகை இட்ட மரம். அதைத் தொடவே வேண்டாம். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வாயில் நுழையும் அளவுள்ள துண்டுகளைக் கொடுக்கக் கூடாது.

ஐந்து விளையாட்டுகள்

1. விழும் கோபுரம். உயரமாக அடுக்குவது மட்டும் நோக்கமன்று. விழுமுன், "எந்தப் பக்கம் சாயும்?" என்று கேட்க வேண்டும். ஊகிப்பதும் சோதிப்பதும்தான் அறிவியலின் முதற்படி.

2. பாலம். இரண்டு கட்டைகளை நிறுத்தி மேலே ஒன்றைக் கிடத்த வேண்டும். இடைவெளி அதிகமானால் கட்டை எட்டாது. பிள்ளை தூணை நகர்த்துமா, இரட்டைக் கட்டையைத் தேடுமா என்று காத்திருந்து பாருங்கள். நாம் கையை நீட்டி உதவக் கூடாது.

3. அணைக்கட்டு. செமினி அணை நம் ஊருக்கு அருகிலேயே உள்ளது. நீலத் துணியை ஆறாக விரித்து, நீர் கசியாதபடி கட்டைகளால் அடைக்கச் சொன்னேன். 'இடுக்கு', 'ஓட்டை', 'நெருக்கமாக' என்ற சொற்கள் தாமாகவே தேவைப்பட்டன.

4. முதுகோடு முதுகு. ஐந்து, ஆறு வயதினருக்கு உரியது. இருவருக்கும் ஒரே மாதிரி ஐந்து கட்டைகள். ஒருவர் கட்டியபடியே சொல்ல, மற்றவர் பார்க்காமல் அதையே கட்ட வேண்டும். மேலே, கீழே, குறுக்கே, நெடுக்கே, நிமிர்த்தி, படுக்க வைத்து என எத்தனை சொற்கள்! "கால் கட்டையை எடு" என்றதும் ஒரு பெண் தன் காலைத் தொட்டுப் பார்த்தாள். அந்தச் சிரிப்பில் 'கால்' என்ற சொல்லின் இரு பொருளும் எல்லாருக்கும் பதிந்து விட்டன.

5. பாட்டி வீடு. ஒரு பிள்ளையின் பாட்டியை வகுப்புக்கு அழைத்தோம். அவர் தரையில் அமர்ந்து, வரிசை வரிசையாக லயத்து வீடுகளைக் கட்டினார். கோடியில் ஓர் அரைக் கட்டையை வைத்து, "இதுதான் ஆயாக் கொட்டகை. பால் வெட்டப் போறப்ப உங்கப்பாவ இங்கதான் விட்டுட்டுப் போவேன்" என்றார். பேரன் அன்றுதான் அச்சொல்லைக் கேட்டான். எந்தப் பாடநூலும் அவனுக்கு அதை அப்படிக் கற்பித்திருக்காது.

நான் செய்த பிழை

ஐந்தாம் வாரம் அந்தச் சிறுவனின் கோபுரம் சரிந்தது. "அக்கா, ஜாத்தோ! ஜாத்தோ!" என்று கத்தினான். அவன் என்னிடம் தானாகப் பேசியது அதுவே முதல் முறை. நானோ, "ஜாத்தோ இல்ல, விழுந்திடுச்சுன்னு சொல்லு" என்றேன். அவன் முகம் வாடியது. கட்டையைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தான். அன்று முழுதும் திரும்பி வரவில்லை.

கோபுரம் விழுந்த வியப்பைப் பகிர வந்தவனிடம் நான் தேர்வு நடத்தினேன். பிழை அவனுடையதன்று, என்னுடையது. அடுத்த வாரம் முதல் திருத்துவதை நிறுத்தினேன். அவன் எம்மொழியில் சொன்னாலும், "ஆமா, விழுந்திடுச்சு! எந்தப் பக்கம் விழுந்துச்சு?" என்று தமிழில் எடுத்து நீட்டினேன். பதிலை வற்புறுத்தவில்லை. இரண்டு மூன்று வாரங்கள் எந்த மாற்றமும் தெரியவில்லை. எனக்கே நம்பிக்கை தளர்ந்தது.

பிறகொரு சனிக்கிழமை, பாலம் கட்டிய தோழியிடம் அவன் சொன்னான்: "அப்படி வைக்காத, குறுக்க வை. இல்லன்னா விழுந்திடும்." நான் தலை நிமிரவில்லை, பாராட்டவும் இல்லை. பாராட்டினால் அதுவும் தேர்வாகி விடும் என்று அஞ்சினேன்.

பெற்றோருக்கு ஒரு சொல்

"விளையாடவா அனுப்புறோம்?" என்ற கேள்வி நியாயமானதே. அதற்கு விடையாக, பெற்றோரை அரை மணி நேரம் உட்கார வைத்து, பிள்ளைகள் பேசும் சொற்களைக் குறிக்கச் சொல்லலாம். நான் அச்சிறுவனின் தாயாரிடம் ஒரு தாளும் பேனாவும் கொடுத்தேன். முடிவில் அவர் அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக் கொண்டார். "தமிழ் வராது" என்று அதன்பின் அவர் சொல்லி நான் கேட்கவில்லை. அவன் எந்தப் பள்ளியில் சேர்வான் என்பது பெற்றோரின் முடிவு. ஆனால், அம்முடிவை இனி அவர்கள் அறிந்து எடுப்பார்கள்.

நம்முள் பலர் நாளை ஆசிரியராகலாம். எல்லாரும் ஒரு பிள்ளைக்கு அக்காளாகவோ மாமாவாகவோ இருக்கிறோம். இந்த விடுமுறையில் ஒரு பட்டறைக்குச் சென்று துண்டு மரம் கேளுங்கள். தரையில் அமருங்கள். பிள்ளை கட்டட்டும், நாம் தமிழில் உடனிருப்போம்.