சிவப்பு நூல் கட்டிய காய்

அன்புத் தம்பிக்கு,

சுக்கினிப் பாத்திக்குப் பக்கத்திலேயே அலங்காரப் பூசணியைப் பந்தலேற்றியிருக்கிறாய். படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. அந்தச் சுக்கினியில் விதை எடுக்கப்போவதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்துத்தான் பதறிப்போனேன்.

இரண்டும் குக்கர்பிட்டா பெப்போ என்ற ஒரே இனம். தேனீக்கு வேலியா தெரியும்? நானும் ஒரு வருஷம் ஏமாந்தவன்தான். விதைக்கு விட்ட காயில் குறையே தெரியவில்லை. சதை தாய்ச்செடியுடையது, மகரந்தம் தந்த அப்பன் குணம் அதில் காட்டாது. அடுத்த பருவத்துப் பிஞ்சைக் கடித்தபோதுதான் காட்டியது, எட்டிக்காய் தோற்றது. குக்கர்பிட்டசின் என்ற அந்த நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. 2015-ல் ஜெர்மனியில் தோட்டத்துக் கசப்புச் சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்தே போனார்.

இந்தக் கசப்பு காட்டுக் குணம். பேய்ச்சுரை, பேய்ப்புடல் என்கிறோமே, அதுபோலச் சுக்கினிக்கும் பரங்கிக்கும் பேய்ச் சொந்தங்கள் உண்டு, அமெரிக்கக் கண்டத்தில். கைக்குள் அடங்கும் உருண்டைக் காய், கட்டையான ஓடு, கடுங்கசப்பு. யானைக்குத் தூரத்துச் சொந்தமான மாஸ்டொடானின் பழஞ்சாணத்தில் அவற்றின் விதைகள் கிடைத்திருக்கின்றன. எலிக்கு ஆகாத கசப்பு அந்தப் பெருவாய்க்கு உறைக்கவில்லை போலும். மெக்சிகோவின் கிலா நாகிட்ஸ் குகையில் கிடைத்த, ஏறக்குறைய 10,000 ஆண்டுப் பழைய பூசணி விதைகளோ காட்டு விதையைவிடப் பெரியவை. சதையை நம்பியல்ல, விதையை நம்பித்தான் மனிதர் முதலில் வளர்த்திருப்பார்கள் என்பது என் எண்ணம். விதையைக் கழுவித் தின்னலாமே.

அதற்காகக் காட்டினத்தை இளக்காரமாக நினைக்காதே. இலையில் மாவு தூவினாற்போல் வரும் சாம்பல் நோயைத் தாங்கும் குணம் இன்றைய பல சுக்கினி ரகங்களுக்கு மெக்சிகோவின் கசப்புக் காட்டினம் ஒன்று கொடுத்த சீதனம். கசப்பை விட்டு அந்தக் குணத்தை மட்டும் பிரித்தெடுக்கத் தலைமுறை தலைமுறையாகக் கலந்து, சலித்தெடுக்க வேண்டியிருந்தது.

எனவே பந்தலைப் பிரிக்க வேண்டாம். சாயங்காலம் பாத்தியைச் சுற்றி வா. நுனி மஞ்சளித்து, மறுநாள் விரியக் காத்திருக்கும் சுக்கினி மொட்டுகளில் ஆண் இரண்டு, பெண் ஒன்று பார்த்து நூலால் வாயைக் கட்டு. அடியில் குட்டிக்காய் இருந்தால் அது பெண். விடிந்ததும், தேனீ வருமுன், ஆண் பூவின் இதழைக் கிள்ளிவிட்டு, நடுவிலுள்ள மகரந்தத் தண்டைப் பெண் பூவுக்குள் தடவி, மறுபடி கட்டிவிடு. காம்பில் சிவப்பு நூல் ஒன்று கட்டு. அம்மாவிடமும் சொல்லி வை, இல்லாவிட்டால் அது சாம்பாருக்குப் போய்விடும். அடுத்த பருவத்திலும் செடிக்கு ஒரு பிஞ்சை நறுக்கி நாக்கு நுனியில் வைத்துப் பார். கசந்தால் துப்பிவிட்டு, செடியை வேரோடு பிடுங்கு.

இந்த வருஷம் தேனீ தொட்ட காய்களைக் கூட்டு வை. விதைக்கு வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்