மின்சாரச் சைக்கிளும் கள்ளாட்டமும்

சிறார் கிட்டிப்புள் ஆடுங்கால் ஒருவன் தூரத்தை அளக்கும்போது கோலைச் சற்றே தள்ளி வைத்துவிட்டால், மற்றையோர் ஒருங்கே கூவும் சொல் ஒன்று உண்டு. ‘கள்ளாட்டம்’ என்பது அது. சில ஊர்களில் ‘அழுகுணி ஆட்டம்’ என்பர். வயது வந்தபின் இச்சொல்லை விட்டொழித்துவிட்டோம் என்றே யாம் எண்ணியிருந்தோம். அங்ஙனமன்று என்பதைக் கொல்லிமலைச் சாலையில் அறிய நேர்ந்தது. அவ்வறிவு நாணத்தோடு கூடி வந்தமையின் அதனை மாணவ நேயர்களுக்கு மறையாது எழுதுகின்றோம்.

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாம்; 1997-ஆம் ஆண்டிற் சேலம் மாவட்டத்தினின்றும் பிரிந்த நாமக்கல் மாவட்டத்தைச் சார்ந்தது. மலைமேலுள்ள ஊர்த்தொகுதிகளை அம்மக்கள் ‘நாடு’ என வழங்குவர். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, பெரக்கரை நாடு என்பன அவற்றுட் சில. எம் மாணாக்கருள் ஒருவர் பெரக்கரை நாட்டினர். விடுமுறையில் தம் இல்லத்திற்கு வருமாறு அவர் அழைக்க, காரவள்ளி அடிவாரத்திலிருந்து சைக்கிளிலேயே ஏறுவதெனப் பன்னிருவர் புறப்பட்டோம். அச்சாலையிற் கொண்டையூசி வளைவுகள் 70 உள. அவற்றை ஒன்றொன்றாக எண்ணிக்கொண்டு ஏறுவதே எம் இளைஞர்க்குப் பெருமையாக இருந்தது.

எம்முடன் வந்த ஆசிரியர் ஒருவர், சில ஆண்டுகட்கு முன் நெஞ்சுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். அளவாக உடலை உழைக்கலாம், மிகையாக வருத்தலாகாது என்பது அவருக்கு மருத்துவர் இட்ட கட்டளை. ஆதலின் அவர் மின்சாரச் சைக்கிள் ஒன்றிற் போந்தார். முதல் வளைவிலேயே சிரிப்புத் தொடங்கிற்று. சோலக்காட்டில் தேநீர் அருந்த இறங்கியபோது, ‘சார் ஏறவில்லை, பாட்டரிதான் ஏறிற்று’ என ஒருவர் கூற, ‘கள்ளாட்டம்!’ என்று மற்றவர் ஆர்த்தனர். யாமும் நகைத்தோம். அவரும் உடன் நகைத்தார். ஆயினும் அதன்பின் பெரக்கரை நாட்டை நோக்கிச் செல்லும் வழியில் ஒரு மேட்டில் அவர் மோட்டாரை நிறுத்திவிட்டு, கனத்த அவ்வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டு நடப்பதைக் கண்டோம். முகம் வெளுத்து, மூச்சு இறைத்தது. வழியோரத்தில் வாழைத்தார்களை இறக்கிவைத்துப் பேருந்திற்குக் காத்திருந்த அந்நாட்டு மூதாட்டி ஒருவர் அவரை நோக்கி, ‘சார்ஜ் தீந்துபோச்சுங்களா சார்?’ என்று இரக்கத்தோடு வினவினார். மின்சாரம் இருக்கும்போதே ஒருவர் அதனை நிறுத்திவிட்டுத் தள்ளுவார் என்பது அவ்வம்மையின் எண்ணத்திலேயே தோன்றவில்லை. ஆசிரியர் விடை கூறாது சாலையோரக் கல்லொன்றில் அமர்ந்துவிட்டார். அரை மணி நேரம் கழித்தே எழுந்தார். அந்த அரை மணி நேரத்தில் எமக்கு உண்டான அச்சம் சிறிதன்று.

நிற்க. அவ்வண்டி செய்யும் உதவிதான் யாது? இதனை முதலில் அறிதல் வேண்டும்.

மின்சாரச் சைக்கிளின் சக்கர நடுவிலோ மிதிகட்டையின் அச்சிலோ சிறு மோட்டார் ஒன்று அமைந்திருக்கும். நல்ல வண்டிகளில் கால் எத்துணை அழுத்துகின்றது என்பதை அளக்கும் கருவியும் உண்டு. கால் அழுத்த மோட்டாரும் சுழலும், கால் நின்றால் அதுவும் நிற்கும். இந்திய மோட்டார் வாகன விதிகளின்படி 250 வாட்டிற்குக் குறைந்த ஆற்றலும், மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் உடைய மின்சார வண்டி, ஏனைய நிபந்தனைகட்கும் பொருந்துமாயின், மோட்டார் வாகனமாகக் கொள்ளப்படுவதில்லை. அதற்கு உரிமச் சீட்டும் பதிவும் வேண்டா. ஐரோப்பிய நாடுகளின் சட்டமும் இதே இரண்டு எண்களைக் கொண்டே மிதித்து ஓட்டும் மின்சாரச் சைக்கிளுக்கு எல்லை வகுத்துள்ளது.

இனி ஒரு சிறு கணக்கு. ஏறவேண்டிய உயரம் 1000 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 15 கிலோ சைக்கிளோடு ஏறினால், 75 கிலோவை அவ்வுயரத்திற்குத் தூக்க 7,35,000 ஜூல் உழைப்பு வேண்டும். காற்றுத் தடையையும் சக்கரத்தின் உராய்வையும் விட்டுவிடுவோம். பயிற்சியில்லாதவர் ஒருவர் இடைவிடாது 100 வாட் அளவில் மிதிப்பாராயின், இதற்கு 2 மணி 2 நிமிடம் செல்லும். மின்சாரச் சைக்கிளோ 25 கிலோ. அதன் பின்கட்டையில் 10 கிலோ மூட்டை உளதெனவும் கொள்க. ஆக 95 கிலோ. வேண்டிய உழைப்பு 9,31,000 ஜூல். கால் 100 வாட்டும் மோட்டார் 150 வாட்டும் தந்தால் 62 நிமிடத்தில் மேலேறிவிடலாம். அதிற் காலின் பங்கு 3,72,400 ஜூல். அஃதாவது சாதாரணச் சைக்கிளில் ஏறியவர் உழைத்ததில் ஏறத்தாழப் பாதி.

இக்கணக்கினின்றும் இரண்டு செய்திகள் புலனாகின்றன. ஒவ்வொரு நிமிடத்திலும் இருவர் காலும் ஒரே அளவில்தான் உழைக்கின்றன, நிமிடங்கள்தாம் குறைகின்றன. எனவே ‘பாட்டரிதான் ஏறிற்று’ என்பது பாதி உண்மை, பாதி பொய். மற்றொன்று, அந்த 10 கிலோ மூட்டை. எம்மவருடைய சோற்றுப் பொட்டலங்களும், மழைக்கு அணியும் சட்டைகளும், பஞ்சர் ஒட்டும் சாமான்களும் யாருடைய வண்டியில் ஏற்றப்பட்டிருந்தன என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்க. கள்ளாட்டம் என்று கூவியவர் எவரும் தம் பொட்டலத்தை இறக்கிக்கொள்ளவில்லை.

அறிவுள்ள மாணவர் ஒருவர் அன்றிரவு எம்மோடு வாதித்தார். சைக்கிளே ஒரு பொறி என்பதை அவர் ஒப்பினார். ஆயினும் பல் மாற்றும் கியர் முதலியன, கால் தந்த ஆற்றலையே வேறு வடிவில் திருப்பித் தருகின்றன. மோட்டாரோ கால் தராத ஒன்றை வெளியிலிருந்து கொணர்ந்து சேர்க்கின்றது. ஆகவே இரண்டும் ஒன்றாகா என்றார். இஃது ஒதுக்கத்தக்க வாதமன்று. கொல்லிமலைத் தலைவனாகிய வல்வில் ஓரி, ஓர் அம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தினான் எனப் புறநானூறு புகழ்கின்றது. அவன் வில்லும், அவன் தோள் வளைத்த ஆற்றலையன்றி வேறொன்றையும் அம்பிற்குத் தந்ததில்லை. வில்லும் கியரும் ஓரினம்; மோட்டார் வேறினம். இதனை யாமும் ஒப்புகின்றோம்.

ஆயினும் கியரையும் இழுக்கென்று பழித்த காலம் ஒன்று இருந்தது என்பதை அம்மாணவர் அறியார். 1903-ஆம் ஆண்டில் ‘தூர் த பிரான்சு’ என்னும் பெரும் சைக்கிள் பந்தயத்தைத் தோற்றுவித்த ஆன்றி தெகிராஞ்சு என்பார், ஓடும்போதே பல் மாற்றும் கருவி வீரர்க்கு ஏற்றதன்று என்று பல்லாண்டு அதனை விலக்கியே வைத்தார். அவர் பொறுப்பிலிருந்து நீங்கிய பின், 1937-இற்றான் அப்பந்தயத்திற் கியர் நுழைந்தது. இன்று கியரின்றி மலையேறும் பந்தய வீரர் எவரும் இலர். அவர்களைக் கள்ளர் என்பாரும் இலர். ஆதலின் ஆற்றல் எங்கிருந்து வருகின்றது என்பதைக் கொண்டு மட்டும் கள்ளம் எது என்று அறுதியிடல் இயலாது.

பின் எதனைக் கொண்டு அறுதியிடுவது? 2016-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களிற் பெல்சிய நாட்டின் சோல்டர் என்னுமிடத்தில், சேற்றிலும் மேட்டிலும் ஓட்டும் சைக்கிள் பந்தயத்தின் உலகப் போட்டி நிகழ்ந்தது. அந்நாட்டு இளம் வீராங்கனையாகிய ஃபெம்கே வான் டென் டிரீசே என்பாருக்கெனக் கொண்டுவரப்பட்ட சைக்கிளின் குழாய்க்குள் மோட்டார் ஒன்று மறைத்து வைக்கப்பட்டிருந்ததை அதிகாரிகள் கண்டனர். அது தம் வண்டியன்று, நண்பருடையது என்று அவர் கூறினார். எனினும் ஆறாண்டுத் தடையும் 20,000 சுவிசு பிராங்கு அபராதமும் விதிக்கப்பட்டன. அங்கே குற்றம் மோட்டாரில் இல்லை, மறைத்தலில் இருந்தது. ‘எம் காலொன்றினாலேயே ஓட்டுவோம்’ என்று எல்லோரும் செய்துகொண்ட உடன்படிக்கையை மீறுதலில் இருந்தது. அதே மோட்டாரைக் கடைவீதிக்குப் போகும் ஒருவர் தம் வண்டியிற் பூட்டிக்கொள்வாராயின் யாருடைய உடன்படிக்கையை அவர் மீறினார்?

இதனை நம் நாட்டு மக்கள் நன்கு அறிவர். பழநிமலைக்கு 1966-ஆம் ஆண்டிலிருந்து விஞ்சு என்னும் இழுவை வண்டியும், 2004-ஆம் ஆண்டிலிருந்து கம்பிவட வண்டியும் உள. முழங்கால் நோவுடைய முதியோர் அதிலேறி மேலே செல்வதை எவரும் பழிப்பதில்லை. பாதயாத்திரையாக வருவதாக நேர்ந்துகொண்ட ஒருவர் இடைவழியிற் பேருந்தில் ஏறிவிட்டு, நடந்தே வந்தேன் என்று ஊரிற் சொல்வாராயின் அதுவே கள்ளம். முன்னவர்க்கு மலை ஏறவேண்டும், பின்னவர்க்கு நடக்கவேண்டும். இருவரும் சென்றடையும் இடம் ஒன்றேயாயினும் மேற்கொண்ட கருமம் வேறு.

கொல்லிமலையிலேயே இதற்கொரு சான்று உண்டு. அங்கே சாமையும் தினையும் கேழ்வரகும் நெடுங்காலமாக விளைந்து வருவன. சாமையின் உமி எளிதிற் பிரிவதன்று. அதனை உரலிலிட்டு உலக்கையால் இடித்துப் புடைக்கும் வேலை முழுவதும் பெண்டிர் தோளிலே விழுந்தது. சாலை வந்து, சந்தை வந்து, விற்றுப் பணமாக்குதற்கு மரவள்ளி வந்தபோது, சாமை விளைந்த நிலம் சுருங்கியதற்கு இவ்விடிக்கும் வருத்தமும் ஒரு காரணம் என்பர். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அம்மலையிற் சிறுதானியங்களைப் பேணும் பணியில் இறங்கியபோது செய்தவற்றுள் ஒன்று, உமி நீக்கும் சிறு பொறிகளை ஊர்ப் பெண்டிர் குழுக்களிடம் அளித்தமையாகும். அப்பொறியில் அரைத்த சாமையைக் கள்ளச் சாமை என்று எந்த மூதாட்டியும் தள்ளிவிடவில்லை. உலக்கை பிடித்துக் கை காய்த்தவர்க்கு அவ்வருத்தம் ஓர் அணிகலனாகத் தோன்றுவதில்லை. ஆண்டிற்கு ஒருமுறை விடுமுறையில் வந்து வியர்வை சிந்துவோர்க்கே வியர்வை அத்துணை அருமையாகத் தோன்றுகின்றது. இக்கூற்று எம்மையும் சேர்த்தே தாக்குகின்றது என்பதை அறிந்தே எழுதுகின்றோம்.

உடற்பயிற்சி கெட்டுவிடுமே என்பார்க்கும் ஒரு விடை உண்டு. ஐரோப்பாவின் ஏழு நகரங்களிற் பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு செய்து 2019-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், மின்சாரச் சைக்கிள் ஓட்டுவோர் ஒரு வாரத்திற் செய்யும் உடலுழைப்பு, சாதாரணச் சைக்கிள் ஓட்டுவோரினும் குறைந்ததாகக் காணப்படவில்லை. ஒவ்வொரு நிமிடமும் எளிதாயினும் அவர்கள் நெடுந்தூரம் செல்கின்றனர் என்பதே காரணம். காரை விட்டு இதிலேறியவர்க்கோ முன்னில்லாத உழைப்பு புதிதாக வந்து சேர்கின்றது. எம் ஆசிரியரும் இவ்வண்டி இல்லையேல் சாதாரணச் சைக்கிளில் வந்திருப்பவரல்லர். பேருந்தில் வந்திருப்பார், அன்றேல் வராதே இருந்திருப்பார். அவரைச் சிரித்தவர் இந்த ஒப்பீட்டை எண்ணிப் பார்த்ததில்லை.

மிதிகட்டையைப் பெயருக்கு வைத்துவிட்டு, சட்ட எல்லைக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடும் வண்டிகளைச் சைக்கிள் என்று சொல்லி விற்பாரும் உளர். கள்ளம் என்னும் சொல்லைக் கையிலெடுத்துக்கொண்டு திரிவோர் அவர்பாற் செல்வது தகும்.

அன்று மாலை பெரக்கரை நாட்டில் எம் மாணாக்கரின் அன்னையார் பலாச்சுளையும் மிளகுக் குழம்பும் அளித்து எம்மை உபசரித்தார். உண்டபின் யாமும் இளைஞரும் ஆசிரியரிடம் சென்று பிழை பொறுக்குமாறு வேண்டினோம். அவர் கையசைத்து அதனை விடுத்தார். பின்னர், பயணக் குறிப்பேட்டில் ஏறியவர் பெயர்களை எழுதிக்கொண்டிருந்த மாணவர், அவர் பெயரருகே முன்னமே எழுதிவிட்ட ‘மோட்டாருடன்’ என்னும் சொல்லை அடிக்கப் போனார். ஆசிரியர் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, ‘அது இருக்கட்டும் தம்பி, உண்மைதானே, அதற்குப் பக்கத்தில் மூட்டை 10 கிலோ என்பதையும் எழுது’ என்றார். அங்ஙனமே எழுதப்பட்டது. மறுநாட்காலை இறங்கும்போது அவரவர் பொட்டலத்தை அவரவரே எடுத்துச் செல்வதென இளைஞர் தம்முள் முடிவு செய்தனர். ஆயினும் மிளகு மூட்டை மட்டும் மீண்டும் அவர் வண்டியிலேயே ஏறிற்று.