உயர்தரத்துக்குப் பின் உதைபந்தாட்டம்: கண்டாவளையின் முன்கள வீராங்கனைக்கு உள்ள வழிகள்

இலங்கையில் உதைபந்தாட்டத்தை மட்டும் நம்பி ஒரு பெண் வாழக்கூடிய தொழில்முறை லீக் இல்லை. ஆகவே கிளிநொச்சி மாவட்டத்தின் கண்டாவளையிலோ தருமபுரத்திலோ முரசுமோட்டையிலோ பாடசாலை அணிக்காகக் கோல் அடிக்கும் ஒருத்திக்கு, கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று ஏறிவந்த படிகள் உயர்தரப் பரீட்சையோடு முடிந்துவிடுகின்றன. அதன்பின் முப்படை அணி, பல்கலைக்கழகம், இந்திய மகளிர் லீக், அமெரிக்கக் கல்லூரி என நான்கு வழிகள் உண்டு.

நான்கையும் ஒப்பிட முதல் அளவுகோல் இது: 18 வயதுக்கும் 22 வயதுக்கும் இடையில் எந்த வழியில் நல்ல ஆட்டங்கள் அதிகம் கிடைக்கும்? ஓட்டவேகத்தை ஊர் மைதானத்தில் தனியாகவும் காத்துக்கொள்ளலாம். ஓப்சைட் கோட்டை உடைத்து ஓடும் கணத்தையும், முதுகோடு ஒட்டிநிற்கும் பின்கள வீராங்கனையைத் திருப்பிவிட்டு உதைப்பதையும் பலமான எதிரணிதான் கற்றுத்தரும். மாகாணப் போட்டியில் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி போன்ற அணியை எதிர்கொண்டவளுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

இந்த அளவுகோலின்படி உள்நாட்டில் முன்னிற்பவை இராணுவம், கடற்படை, விமானப்படை அணிகள். சம்பளம், பயிற்றுநர், மைதானம், ஒழுங்கான ஆட்டங்கள் எல்லாம் அங்கே உண்டு. தேசிய அணிக்கும் அது கிட்டிய பாதை. ஆனால் வன்னியில் அந்தச் சீருடை வெறும் தொழில் உடுப்பு அல்ல. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தத் தாய்மாரின் அயலில் வளர்ந்த பிள்ளை படையில் சேர்வது குடும்பத்தோடு இருந்து பேசித் தீர்க்கவேண்டிய விடயம். மறுப்பவளை ஊக்கமில்லாதவள் என்றோ சேர்பவளை மறந்துவிட்டவள் என்றோ சொல்ல எவருக்கும் உரிமையில்லை. சேர்வதானால் சேவைக்காலம் எவ்வளவு, வெளிநாட்டுக் கழகம் அழைத்தால் விடுவிப்பு உண்டா என்பவற்றைக் கையெழுத்திடுமுன் கேட்டறிய வேண்டும்.

பல்கலைக்கழக வழியில் ஆட்டங்கள் குறைவு, பாதுகாப்பு அதிகம். கிளிநொச்சி கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதால் அதற்கெனத் தனி ஒதுக்கீடு உண்டு. தேசிய மட்டத்தில் சாதித்த விளையாட்டு வீரருக்கும் சிறப்பு அனுமதி இருக்கிறது. அதனால் தேசியச் சான்றிதழ் ஒவ்வொன்றும் பெறுமதியானது. சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி, விளையாட்டு விஞ்ஞானப் பட்டங்கள் உள்ளன. கல்வியியற் கல்லூரியில் உடற்கல்வி படித்தால் ஆசிரியை வேலைக்கு வழி பிறக்கும். ஆனால் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகள் ஆண்டு முழுதும் நடப்பதில்லை. கழகமொன்றிலும் பதிந்து, பிரதேச செயலக விளையாட்டு உத்தியோகத்தர் ஊடாகத் தேசிய விளையாட்டு விழாவுக்கும் போகாவிட்டால், பட்டம் கையில் இருக்கும், ஆட்டம் காலில் இருக்காது.

இந்திய மகளிர் லீக் 2016-17 பருவத்தில் தொடங்கியது. கடலும் மொழியும் தடையாகாத அளவுக்குக் கிட்ட உள்ளது மதுரையின் சேது கழகம். 2018-19இல் அது சம்பியன். அந்த அணியில் ஆடிய நேபாள முன்கள வீராங்கனை சபித்ரா பண்டாரி தன் நாட்டில் ஆயுதக் காவற்படை அணியில் வளர்ந்தவர். பிறகு கோகுலம் கேரளா, இஸ்ரேல், பிரான்சின் கெங்கோம் என்று போனார். படை அணியும் வெளிநாட்டு ஒப்பந்தமும் ஒரே பாதையின் இரு கட்டங்களாகலாம் என்பதற்கு அவரே சான்று. தமிழ்நாட்டுக் கடலூரின் இந்துமதி கதிரேசன் காவல்துறை உத்தியோகத்தோடு இந்திய அணிக்கும் ஆடினார். லீக்கின் பருவம் குறுகியது. சம்பளம் ஆண்டு முழுதுக்கும் வரும் என்று கணக்குப் போடக்கூடாது. 18 வயதுக்குமுன் வெளிநாட்டுக் கழகத்துக்கு மாறுவதை பீபா, சில விலக்குகள் தவிர, அனுமதிப்பதில்லை. மாற்றுச் சான்றிதழும் தேசியச் சம்மேளனம் வழியாகவே வரவேண்டும். இலங்கைச் சம்மேளனம் 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை பீபாவால் இடைநிறுத்தப்பட்டிருந்தது. அத்தகைய இடரையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

அமெரிக்காவில் கல்லூரியே நெடுங்காலம் தொழில்முறைக்கு வாசலாக இருந்தது. சோபியா சிமித் ஸ்டான்போர்டில் இரண்டு பருவம் ஆடி 2019 கல்லூரிக் கிண்ணத்தை வென்று, கல்லூரி வீராங்கனைகளைக் கழகங்கள் முறைவைத்து எடுக்கும் தெரிவுமுறையில் 2020இல் முதல் தெரிவாகப் போர்ட்லண்ட் கழகத்துக்குப் போனார். டிரினிட்டி ரொட்மன் கல்லூரி அணிக்கு ஒரு ஆட்டமும் ஆடாமல் 2021இல் 18 வயதில் வாசிங்டன் கழகத்தில் சேர்ந்தார். இருவரும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரே முன்களத்தில் ஆடித் தங்கம் வென்றனர். அங்குள்ள தொழில்முறை லீக்கும் வீராங்கனைகள் சங்கமும் 2024 ஓகஸ்டில் செய்த உடன்படிக்கையோடு அந்தத் தெரிவுமுறையே ஒழிந்தது. இன்று வீராங்கனை தானே கழகத்தோடு பேசிச் சேர்கிறாள். கண்டாவளையிலிருந்து இந்த வழியை நினைப்பவளுக்கு ஆங்கிலத் தேர்ச்சி, உயர்தரப் பெறுபேறு, புலமைப்பரிசில் மூன்றும் வேண்டும். கழகத்தில் சம்பளம் வாங்கி ஆடியிருந்தால் கல்லூரியில் ஆடும் தகுதி கேள்விக்குள்ளாகலாம். எனவே இந்தியாவுக்குப் போய்ப் பார்த்துவிட்டுப் பிறகு அமெரிக்கா என்ற வரிசை ஆபத்தானது.

ஆட்டத்தோடு பாதுகாப்பையும் சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலானோருக்குப் பொருந்துவது பல்கலைக்கழகமும் கழகமும் சேர்ந்த வழி. 21, 22 வயதில் அதிலிருந்து இந்தியாவை முயலலாம். வீட்டுக்கு உடனடி வருமானம் தேவையென்றால் படை அணியின் கணக்கு மாறும். எந்த வழியானாலும் பாடசாலைக் காலத்திலேயே முழு ஆட்டங்களைக் கைப்பேசியில் பதிந்து, போட்டியும் திகதியும் எதிரணியும் குறித்து வைக்க வேண்டும். கோல்களை மட்டும் வெட்டி ஒட்டிய காணொளியைவிட, பந்து இல்லாதபோது அவள் எங்கே ஓடுகிறாள் என்பதைக் காட்டும் 90 நிமிடமே பயிற்றுநருக்குப் பயன்படும்.