உச்சிப்பொழுதின் பேய்கள்: கரிசல் மண்ணின் இளம் எழுத்தாளருக்கு ஒரு கடிதம்

கடம்பூர் வட்டாரத்திலிருந்து இளையோர்க்கு அமானுஷ்யக் கதைகள் எழுதத் தொடங்கியிருக்கும் இளம் எழுத்தாளரின் கவனத்திற்கு:

தமிழில் 13 வயது முதல் 18 வயது வரையிலான வாசகரை மனத்தில் வைத்து எழுதப்படும் புனைகதைகள் இன்றும் மிகக் குறைவாகவே உள்ளன. சிறுவர்க்குரிய நூல்கள் ஒருபுறமும், பெரியவர்களுக்குரிய பேய்க்கதைகளும் மர்மத் தொடர்களும் மறுபுறமும் இருக்க, இடைப்பட்ட பருவத்தினர் இவ்விரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு மனநிறைவின்றித் திரும்பிச் செல்கின்றனர். அப்பருவத்தினரின் ஐயங்களையும் அச்சங்களையும் அவர்கள் நிலையிலிருந்தே பேசும் எழுத்து இளையோர் இலக்கியம் எனப்படுகிறது. மனித ஆற்றலுக்கும் புலனறிவுக்கும் அப்பாற்பட்டதாகக் கருதப்படுவது அமானுஷ்யம் எனப்படுகிறது. இவ்விரண்டும் கூடுமிடத்தில் எழுதுவோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே ஆதலால், கோவில்பட்டிக்கும் மணியாச்சிக்கும் இடைப்பட்ட கரிசல் காட்டிலிருந்து அப்படியொரு புதிய குரல் எழுவது மகிழ்ச்சிக்குரியது. அக்குரல் இரவல் குரலாகிவிடக் கூடாதே என்ற கவலையும் அம்மகிழ்ச்சியோடு சேர்ந்தே பிறக்கிறது.

இவ்வகையில் எழுதப் புகுவோர் பலரின் முதல் முயற்சியில் பனி மூடிய மாளிகையும், கறுப்பு அங்கி அணிந்த இரத்தக்காட்டேரியும், காரணமின்றித் திறந்து மூடும் கதவுகளும் தவறாமல் இடம்பெறுகின்றன. ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’ 2005-இல் வெளிவந்து உலகெங்கும் இளையோரைக் கவர்ந்த பின்னர் இப்போக்கு மேலும் வலுப்பெற்றது. ஆயினும் அந்நாவலிலிருந்து கற்கவேண்டிய பாடம் வேறு. வெயில் பட்டால் தம் இயல்பு வெளிப்பட்டுவிடும் பாத்திரங்களைக் குடியமர்த்துவதற்காக, ஐக்கிய அமெரிக்காவில் மழை மிகுந்த ஊர்களுள் ஒன்றாகிய ஃபோர்க்ஸ் என்ற சிற்றூரை அவ்வாசிரியர் தேர்ந்தெடுத்தார். அதாவது, பேய்க்கு ஏற்ற வானிலையை அவர் முதலில் தேடினார். கடம்பூரில் மழை என்பது ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வந்தால் உண்டு, இல்லையேல் அடுத்த ஆண்டு என்னும் நிலையில் இருப்பது. இங்கே பனிமூட்டத்தில் நடமாடும் உருவத்தை எழுதினால், அதைப் படிக்கும் எட்டாம் வகுப்பு மாணவி அந்த வரியிலேயே ஆசிரியரை நம்புவதை விட்டுவிடுவாள்.

கரிசல் காட்டில் அச்சத்திற்குரிய பொழுது நள்ளிரவு மட்டுமன்று, உச்சிப்பொழுதும் அதற்குரியதே. காட்டில் கஞ்சி கொண்டுபோகும் பிள்ளையைத் தடுத்து நிறுத்தி, உச்சி சாய்ந்த பிறகு போகும்படி கூறும் பாட்டிமார் இன்றும் உள்ளனர். சித்திரை வெயிலில் நிலம் பாளம் பாளமாக வெடித்து, சிறுவனின் பாதம் நுழையும் அளவுக்குப் பிளவுகள் வாய்பிளந்து கிடக்க, தொலைவில் ஒற்றை உடைமரத்தின் அடியில் தண்ணீர் அலையடிப்பது போன்ற தோற்றம் எழும். இக்கானல் நீருக்குப் பழந்தமிழ் வழங்கிய பெயர் பேய்த்தேர் என்பதாகும். வறண்ட நிலத்தில் ஓடாத தேரொன்றை ஓட்டிச் செல்லும் பேயைக் கண்ட அச்சொல்லில் ஒரு முழு நாவலுக்குரிய விதை கிடக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வேற்று நாட்டுக் கோட்டைகளைத் தேடிச் செல்வது வீண் அலைச்சலாகும். கயத்தாற்றுப் பக்கம் நிற்கும் காற்றாலைகளின் உச்சியில் இரவெல்லாம் அணைந்து அணைந்து எரியும் சிவப்பு விளக்குகளும் இவ்வாறே எழுத்துக்கு வரவேண்டியவை. முந்திய தலைமுறை கொள்ளிவாய்ப் பிசாசைக் கண்ட அதே திசையில் இன்றைய பிள்ளைகள் அவ்விளக்குகளைக் காண்கின்றனர். பழைய பேய் எங்கே போயிற்று என்று ஒரு சிறுவன் கேட்பதாக வைத்துக்கொண்டால் கதை தானே தொடங்கிவிடும்.

கதையை எப்படிச் சொல்வது என்பதற்கு வில்லுப்பாட்டைக் காட்டிலும் நல்ல ஆசான் இவ்வட்டாரத்தில் இல்லை. தெய்வங்களுக்கு எடுக்கும் கொடை விழாவில், மணிகள் கோத்த நீண்ட வில்லின் நாணை வீசுகோலால் அடித்துப் பாடப்படும் இக்கலை, தென் மாவட்டங்களின் பேய்க்கதை மரபையும் தெய்வக்கதை மரபையும் பல தலைமுறைகளாகக் காத்து வந்துள்ளது. அதன் அமைப்பை ஆராய்ந்தோர் காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டுவளம், கதைக்கூறு, வாழி எனப் பல உறுப்புகளைக் காட்டுவர். இவற்றுள் இரண்டு உறுப்புகளை இளம் எழுத்தாளர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வருபொருள் உரைத்தல் என்பது சொல்லப்போகும் கதை இன்னது என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுவதாகும். யார் கொல்லப்படுவார், யார் தெய்வமாவார் என்பது கூட்டத்திலுள்ள அனைவருக்கும் முன்பே தெரியும். தெரிந்திருந்தும், நள்ளிரவில் நடக்கும் சாமக்கொடையில் அந்த இடம் வரும்போது, மண்குடத்தின் வாயில் மட்டை விழும் ஓசை நெருங்கி நெருங்கி வர, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் தாயின் மடிக்கு நகர்கின்றனர். முடிவை மறைத்து வைத்தால்தான் திகில் உண்டாகும் என்ற நம்பிக்கை தவறானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வரப்போவதைத் தடுக்க இயலவில்லையே என்ற தவிப்பிலிருந்து பிறக்கும் அச்சம், திடுக்கிட வைப்பதால் பிறக்கும் அச்சத்தைக் காட்டிலும் நெடுநாள் நிற்கும்.

நாட்டுவளம் என்பது கதை நடக்கும் ஊரின் நீர்வளத்தையும் நிலவளத்தையும் பாடும் பகுதி. இதைச் சடங்கிற்காகச் சேர்த்த பகுதியென்று எண்ணிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் அந்த ஊரைக் கேட்போர் கண்முன் நிறுத்திய பிறகே பாடகர் அதற்குள் மாடனையோ இசக்கியையோ அழைத்து வருகிறார் என்பதை நோக்கினால், அப்பகுதியின் தேவை விளங்கும். கம்மாய்க்கரையின் எந்த மரத்தில் கொக்கு அடையும், மந்தையில் எந்தக் கல்லில் முதியவர்கள் உட்கார்வர், தீப்பெட்டி ஆலைக்குப் பெண்களை ஏற்றிச்செல்லும் வண்டி காலையில் எத்தனை மணிக்கு வரும் என்பன போன்றவை உறுதியாகச் சொல்லப்பட்டால்தான், அதே கம்மாய்க்கரையில் யாரும் இல்லாமலே கேட்கும் கொலுசொலியை வாசகர் ஏற்பார். கி. ராஜநாராயணனின் (கி.ரா.) ‘பிஞ்சுகள்’ என்ற குறுநாவலில் பேய் இல்லை; பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் தேடி அலையும் சிறுவனே உள்ளான். ஆயினும் கரிசல் நிலத்தை இளம் பருவத்தின் கண்ணால் எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க முடியும் என்பதற்கு அந்நூல் அளவுகோலாக நிற்பதால், அமானுஷ்யம் எழுதுவோரும் அதை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்ததாக, எந்தப் பேயைப் பற்றி எழுதினாலும் அது உயிரோடு இருந்தபோது யார், அதற்கு என்ன செய்யப்பட்டது என்ற கேள்வியை எழுத்தாளர் தம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தென் மாவட்டங்களின் சிறுதெய்வங்களுள் பல, அநியாயமாகக் கொல்லப்பட்டோரின் நினைவிலிருந்து எழுந்தவை என்பதை நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் விரிவாகக் காட்டியுள்ளனர். நா. வானமாமலை பதிப்பித்த ‘முத்துப்பட்டன் கதை’யில், பிராமணக் குலத்தில் பிறந்த ஒருவன், செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்களாகிய பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, மாமனின் மாடுகளைக் காக்கப் போராடி மடிகிறான்; சாதி எல்லையைக் கடந்த அம்மனிதன் இன்று தெய்வமாக வழிபடப்படுகிறான். அவன் உயிரோடிருக்கும்போது மறுத்த இடத்தை, அவன் செத்த பிறகு ஊரார் பீடமாகக் கட்டிக் கொடுக்கின்றனர். பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பேயைக் காட்டிலும் பெரியவர்களின் மௌனமே பெரும்புதிர். அந்தக் கிணறு ஏன் மூடப்பட்டது, அந்த அத்தையின் படம் ஏன் வீட்டில் மாட்டப்படவில்லை என்ற கேள்விகளுக்கு எவரும் விடை கூறுவதில்லை. இளையோர்க்குரிய அமானுஷ்யக் கதை அக்கேள்விகளைக் கேட்கத் துணிந்தால் அது வெறும் பயமுறுத்தலாக நின்றுவிடாது.

இத்துறைக்குத் தமிழில் முன்னோடி இல்லை என்று எண்ணுவோர் சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையை மறந்துவிடுகின்றனர். வீட்டார் வகுத்த வாழ்க்கையை மறுக்கும் ஓர் இளம்பெண். அவளை உறக்கத்தில் தூக்கிச் சென்று மணிபல்லவத் தீவில் விடும் தெய்வம். வேற்றுருக் கொள்ளவும், வான்வழிச் செல்லவும், பசியைத் தாங்கவும் கற்பிக்கப்படும் மூன்று மந்திரங்கள்: இன்றைய இளையோர் அமானுஷ்ய நாவலின் உறுப்புகள் யாவும் அக்காப்பியத்தில் உள்ளன. அவற்றினும் முக்கியமானது, ஆற்றலுக்கு அங்கே விலை உண்டு என்பதாகும். மணிமேகலை காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தை ஏற்றதனால், அவளைத் தன் மனைவியென்றே எண்ணிய காஞ்சனன், அவளைப் பின்தொடர்ந்த உதயகுமரனை வெட்டி வீழ்த்துகிறான். அவள் விரும்பாத ஒரு சாவு அவள் பெற்ற மந்திரத்தின் வழியாகவே நிகழ்கிறது. சுடுகாட்டில் பேயாட்டத்தைக் கண்டு அஞ்சி உயிர்விட்ட சார்ங்கலன் என்னும் இளைஞனின் தாய் கோதமை, மகனின் உயிரைக் கேட்டு மன்றாடும்போது, போன உயிரை மீட்டுத்தரத் தன்னால் இயலாது என்று சம்பாபதித் தெய்வமே கூறுகிறது. எதையும் செய்யவல்ல பேயாலும் எதையும் செய்யவல்ல நாயகியாலும் கதை நகராது. இன்னது முடியாது என்ற எல்லையை எழுத்தாளர் வகுத்து, அதைக் கடைசிவரை மீறாதிருக்க வேண்டும்.

புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ பலமுறை பேசப்பட்ட கதை; எனவே இங்கே ஒன்றை மட்டும் சுட்டினால் போதும். அதில் நடுங்க வைப்பது உருவமன்று, இரவில் அறைக்குள் வந்து போகும் வாசனையே. கோவில்பட்டி எழுத்தாளர் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ இக்கடிதத்தின் பொருளுக்கு மேலும் நெருக்கமானது. கீழடி அகழாய்வை அடிப்படையாகக் கொண்ட அவ்விளையோர் நாவலுக்கு 2023-ஆம் ஆண்டின் பால சாகித்திய புரஸ்கார் விருதை சாகித்திய அகாதெமி வழங்கியது. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் பொறிக்கப்பட்டிருந்த பெயர்களுள் ஒன்று ஆதன் என்பது. மண்ணுக்குள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கிடந்த பெயரைத் தலைப்பில் ஏந்தி இன்றைய பிள்ளைகளிடம் ஒரு நாவல் வருகிறதென்றால், இறந்தவர் திரும்பி வருதல் என்ற பழைய கருவை அச்சமின்றியும் கையாள முடியும் என்பது தெளிவாகிறது. கடம்பூரிலிருந்து ரயிலில் சிறிது நேரத்தில் சென்றடையும் ஊரில் இத்தகைய எழுத்து நிகழ்ந்துள்ளது என்பதை இளம் எழுத்தாளர் தம் பலமாகக் கொள்ள வேண்டும்.

ஒரு செய்தியில் மட்டும் விட்டுக்கொடுத்தலுக்கு இடமில்லை. பேய் பிடித்தல் என்று ஊரார் கூறுவதைக் கதையில் வைக்கும்போது, வலிப்பு நோயையோ மனநோயையோ பேயின் செயலென்று உறுதிப்படுத்தும் வகையில் எழுதக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், வழிபாட்டால் குணமாகும் என்ற நம்பிக்கையில் தங்கவைக்கப்பட்டுச் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் சிக்கி மாண்டனர். தப்பியோட முடியாதபடி அவர்களைக் கட்டிவைத்த அந்நம்பிக்கைக்குக் கதைகளும் துணைநின்றுள்ளன. கோடாங்கியின் உடுக்கையை எழுதலாம். வேப்பிலையையும் திருநீற்றையும் எழுதலாம். அடிபடும் பெண்ணை வேடிக்கைப் பொருளாக்காமல், அவள் வாய்திறந்து சொல்ல முடியாததைச் சொல்வதற்குப் பேய்பிடித்த ஆட்டம் அவளுக்கு எவ்வாறு வழியாயிற்று என்பதையும் எழுதலாம். ஆனால் தனக்கும் இப்படித்தான் போலும் என்று எண்ணிக்கொண்டு தனியே படிக்கும் ஒரு பிள்ளை, அந்நூலை மூடும்போது மருத்துவரிடம் செல்லும் வழி அடைபட்டதாக உணரக் கூடாது.

மொழியைப் பொறுத்தவரை, எடுத்துரைப்பில் எளிய எழுத்து நடையும் உரையாடலில் கரிசல் வழக்கும் போதுமானவை. காத்துக்கருப்பு, முனி ஓட்டம், கோடாங்கி போன்ற சொற்களுக்கு அடிக்குறிப்பு இட வேண்டியதில்லை. நிகழ்ச்சியே பொருளை விளக்கிவிடும். கி.ரா. தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதியும் நாட்டுப்புறக் கதைத் தொகுப்புகளும் கையருகே இருக்கட்டும். ஆயினும் அவற்றிலிருந்து அள்ளி நிரப்பாமல், வீட்டில் காதால் கேட்ட சொல்லையே முதலில் நம்ப வேண்டும்.

புதிய எழுத்தாளரைக் கண்டெடுப்பது பதிப்பகமோ விருதுக்குழுவோ என்று எண்ணிக் காத்திருப்பதும் தேவையற்றது. எழுத்தாளர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் 1923 செப்டம்பரில் ஒரு வார இடைவெளியில் கரிசல் ஊராகிய இடைசெவலில் பிறந்தவர்கள். அழகிரிசாமி ஊரைவிட்டுச் சென்ற பின்னரும் நண்பருக்குக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தார். கி.ரா. கதை எழுத வந்ததோ முப்பது வயதைக் கடந்த பிறகே. தமிழ் வாசகர்கள் அவரைக் கண்டறிவதற்கு முன்பே அவரை அறிந்திருந்தவர் ஒரே ஊர்க்காரரான நண்பர்தான். எனவே, கைப்பிரதி முடிந்ததும் அதை எங்கும் அனுப்புவதற்கு முன்னர், கடம்பூரிலேயே எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ படிக்கும் மூன்று பிள்ளைகளை உட்காரவைத்து அதை வாய்விட்டு வாசித்துக் காட்டும்படியும், அவர்கள் கவனம் சிதறி வெளியே பார்க்கும் பக்கங்களைக் குறித்துக்கொண்டு அவற்றை மீண்டும் எழுதும்படியும் இளம் எழுத்தாளரை இக்கடிதம் கேட்டுக்கொள்கிறது.