மெல்ல இறங்கும் பிரேக் பெடல்

கேள்வி: என் பழைய பிக்கப்பில் லைனிங், வீல் சிலிண்டர் எல்லாம் மாற்றியாகிவிட்டது. ஆயிலும் ஒழுகவில்லை. ஆனாலும் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை. ஏன்?

பதில்: வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, பெடலை ஒரே சீராக மிதித்துப் பிடியுங்கள். மெல்லக் கீழே இறங்கினால், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆயில் உள்ளுக்குள்ளேயே நழுவுவதால் வெளியே கசிவு தெரியாது. சிலிண்டரை முழுதாக மாற்றிவிடுவதே நல்லது.

பெடல் மெத்தென்று இருந்தால் குழாயில் காற்று இருக்கும். ஏர் எடுக்க வேண்டும். இரண்டாம் மிதிக்குத்தான் பிடிக்கிறது என்றால், பின் டிரம் இடைவெளியைச் சரிசெய்யுங்கள்.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பழுது தீரும்வரை தயவுசெய்து வண்டியைச் சாலையில் எடுக்காதீர்கள்.