நிலவில் ஒரு பாதை வரைந்த கதை

கொல்லிமலைப் பிள்ளைகளாகிய எங்களுக்குப் பாதையின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அடிவாரத்துக் காரவள்ளியை விட்டு மேலே ஏற எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை உண்டு. பேருந்தில் வரும்போது அவற்றை எண்ணிக்கொண்டே வருவது எங்கள் வழக்கம். மூடுபனி இறங்கிவிட்டாலோ, ஓட்டுநர் அண்ணன் பத்தடி பார்ப்பார், பத்தடி நகர்த்துவார்.

இவ்வாண்டு அறிவியல் மன்றத்தின் முதல் கூட்டத்தில் எங்கள் சிஸ்டர் ஒரு கேள்வி கேட்டார்கள்: "சாலையும் இல்லை, எண் பலகையும் இல்லை, ஓட்டுநரும் இல்லை. வண்டி மட்டும் இருக்கிறது. அது எப்படி வழி கண்டு போகும்?" அந்தக் கேள்விக்கு நாங்கள் தேடிய விடையே இக்கட்டுரை.

நம் மாவட்டத்து மண்ணும் நிலவின் மண்ணும்

அந்த வண்டியின் பெயர் பிரக்யான். சந்திரயான்–3 விண்கலத்தில் சென்ற ரோவர், அதாவது தானே நகரும் ஆய்வூர்தி. எடை 26 கிலோ, ஆறு சக்கரங்கள், சூரிய ஒளியே அதற்கு உணவு.

இதற்கு முன் ஒரு துயரம் நடந்தது. 2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்–2இன் விக்ரம் கலம் தரையிறங்கும்போது நிலவில் மோதிச் சிதைந்தது. அதனுள் இருந்த முதல் பிரக்யான் ஓர் அங்குலம்கூட ஓடவில்லை. விழுந்த இடமும் உடனே தெரியவில்லை. மதுரையைச் சேர்ந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன், நிலவைச் சுற்றும் நாசா கலம் முன்பு எடுத்த படத்தையும் பின்பு எடுத்த படத்தையும் புள்ளி புள்ளியாக ஒப்பிட்டு, சிதறிய துண்டு ஒன்றைக் கண்டுபிடித்தார். அவ்வாண்டு டிசம்பரில் நாசா அதை உறுதி செய்தது. பொறுமையுடன் படம் பார்க்கத் தெரிந்தவருக்கு நிலவும் எட்டாத இடம் அன்று என்பதை அவர் காட்டினார்.

மீண்டும் முயன்றனர். திட்ட இயக்குநர் விழுப்புரத்தில் பிறந்த ப. வீரமுத்துவேல். கல்லூரிப் பட்டத்திற்கு முன் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்தவர்.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. நிலவின் மேட்டு நிலங்களில் அனார்த்தோசைட்டு என்னும் வெளிர் நிறப் பாறை மிகுதி. அதே வகைப் பாறை நம் நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களில் கிடைக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையினரின் உதவியுடன் அது பெங்களூருக்குச் சென்றது. பாறையைப் பொடித்து நிலவின் மண்ணைப் போன்ற மண்ணாக்கி, கலத்தையும் ஊர்தியையும் அதில் சோதித்தார்கள். நிலவில் உருளுமுன் சக்கரங்கள் பழகியது நம்மூர்ப் பாறைப் பொடியில்தான்!

பாதை வரைந்தது எப்படி?

2023 ஆகஸ்ட் 23 மாலை விக்ரம் நலமே இறங்கியது. சில மணி நேரத்தில் சாய்தளம் வழியே பிரக்யான் கீழே உருண்டது. இனி எங்கே போவது?

ஊர்தியின் முன்புறம் இரண்டு கேமராக்கள் உண்டு. ஏன் இரண்டு? ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள், விடை தெரியும். இரு கண்ணும் சற்றே வெவ்வேறு இடத்திலிருந்து பார்ப்பதால்தான் நமக்குத் தூரம் புலனாகிறது. ஊர்திக்கும் அப்படியே.

அக்கேமராக்கள் எடுத்த படங்களைப் பிரக்யான் விக்ரமுக்கு அனுப்பும்; விக்ரம் பூமிக்கு அனுப்பும். இங்கே கணிப்பொறி இரு படங்களையும் இணைத்து, எது மேடு, எது பள்ளம் என்று காட்டும் உயர வரைபடம் ஒன்றை உருவாக்கும். புவியியல் வகுப்பில் சமவுயரக் கோடுகளால் மலை வரைகிறோம் அல்லவா? அதன் நெருங்கிய உறவு இது. அதைப் பார்த்து, சரிவு மிகுதியா, கல் தடுக்குமா, சூரியத் தகட்டில் வெயில் விழுமா என ஆராய்ந்த பின்பே கட்டளை செல்லும்.

ஆனால் ஒரு முறை எடுத்த படத்தைக் கொண்டு 5 மீட்டர் தூரத்திற்கே நம்பகமான வரைபடம் வரைய முடிந்தது. ஆகவே ஒரு கட்டளைக்கு மிகுதியாக 5 மீட்டரே பயணம். பின்பு நிற்க வேண்டும், பார்க்க வேண்டும், வரைய வேண்டும். ஒரு நகர்வுக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 5 மணி நேரம் ஆயிற்று.

இங்கே ஒரு கணக்கு. பிரக்யானின் வேகம் நொடிக்கு 1 சென்டிமீட்டர். நிற்காமல் ஓடினால் 100 மீட்டர் செல்ல எவ்வளவு நேரம்? மூன்று மணி நேரம்கூட ஆகாது. ஆயினும் அது நூறு மீட்டரைக் கடக்கச் செப்டம்பர் 2 வரை, ஏறத்தாழப் பத்து நாள் ஆயிற்று. மற்ற நேரமெல்லாம் பார்ப்பதிலும் வரைவதிலும் மண்ணை அளப்பதிலும் கழிந்தது.

ஆகஸ்ட் 27 அன்று அந்தப் பொறுமை பலன் தந்தது. 3 மீட்டர் முன்னால் 4 மீட்டர் அகலமுள்ள ஒரு பள்ளம்! விழுந்திருந்தால் கயிறு கட்டி இழுக்க அங்கே யார் இருக்கிறார்கள்? வந்த தடத்திலேயே திரும்பு என்று கட்டளை போயிற்று. பிரக்யான் திரும்பி, வேறு வழியில் நடந்தது.

செய்து பார்த்தோம்

படித்தது போதாதென்று, விளையாட்டுத் திடலில் நாங்களும் ஒரு சோதனை செய்தோம். ஒருத்தி ரோவர், அவள் கண்ணைத் துப்பட்டாவால் கட்டினோம். இன்னொருத்தி கேமரா, எதிரே தெரிவதை மட்டும் சீட்டில் எழுதுவாள். மற்றொருத்தி அச்சீட்டை வகுப்பறைக்குக் கொண்டு ஓடுவாள். திடலைப் பாராமல் உள்ளே அமர்ந்திருப்போர், கட்டத்தாளில் வரைந்து கட்டளை எழுதி அனுப்ப வேண்டும்.

முதல் அணியினர் திடல் தங்களுக்கு மனப்பாடம் என்ற துணிவில் நாற்பது அடிக்கும் ஒரே சீட்டில் கட்டளை எழுதிவிட்டார்கள். அன்று காலை தோட்டக்கார ஐயா செம்பருத்திச் செடிக்குப் புதிதாய்க் குழி வெட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியாது. ரோவர் குழியில் கால் வைத்தாள்! நல்ல வேளை, கேமரா தாங்கிப் பிடித்தாள். இரண்டாம் அணியினர் ஐந்தடிக்கு ஒரு சீட்டு எழுதினார்கள். மணியடிக்கும் வரை இழுத்தது. ஆனால் கொடிக்கம்பத்தைத் தொட்டுவிட்டார்கள்.

இன்னொன்றும் கண்டோம். மழை பெய்த மறுநாள் சேற்றில் நடந்தபோது, அதே பத்தடியில் ரோவர் குறைந்த தூரமே போனாள். கால் வழுக்கியதுதான் காரணம். அடிகளை எண்ணி வரைந்த எங்கள் வரைபடம் பொய்த்தது.

செவ்வாயின் மணலில்

செவ்வாய்க் கோளில் ஓடும் ஊர்திகளுக்கும் இதே தொல்லை உண்டு. மணலில் சக்கரம் சுழலும், வண்டி நகராது. 2012இல் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியின் சக்கரங்களில் இதற்காகவே துளைகள் வைத்தார்கள். அவை மண்ணில் மோர்ஸ் தந்திக் குறிகளாகப் பதியும். ஒரு குறிக்கும் அடுத்த குறிக்கும் இடையிலுள்ள தூரத்தைப் படத்தில் அளந்தால், வழுக்கல் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

நிலவுக்குச் செய்தி ஒன்றேகால் நொடியில் போய்விடும். செவ்வாய்க்கோ, இரு கோள்களும் நிற்கும் நிலையைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். 'நில்' என்று சொல்வதற்குள் வண்டி விழுந்துவிடும். எனவே சுற்றுகலங்கள் மேலிருந்து எடுத்த படங்களில் நெடுவழியைக் குறித்துக் கொடுக்கிறார்கள்; காலடியிலுள்ள கல்லைத் தவிர்ப்பதை ஊர்தியே செய்யப் பழக்கியிருக்கிறார்கள். 2021இல் இறங்கிய பெர்சிவரன்ஸ் இதில் வல்லது.

அப்படியும் இடர் உண்டு. ஸ்பிரிட் என்னும் ஊர்தி 2009இல் மென்மணலில் புதைந்தது. பல மாதம் முயன்றும் மீட்க முடியவில்லை. 2010இல் அதன் குரல் அடங்கியது. அதன் உடன்பிறப்பான ஆப்பர்சூனிட்டி, 90 நாளுக்கென அனுப்பப்பட்டு, 2018 வரை பதினான்கு ஆண்டுகளில் 45 கிலோமீட்டர் சென்றது.

நாம் கற்பது

பிரக்யானின் ஆயுள் நிலவின் ஒரு பகல் மட்டுமே. அது நமக்குப் பதினான்கு நாள். செப்டம்பர் 2 அன்று உறங்க வைக்கப்பட்டது, பின்பு விழிக்கவில்லை. ஆனால் நூறு மீட்டர் பாதையில் 23 இடங்களில் அது மண்ணை அளந்திருந்தது. அந்த மண்ணின் கூறுகள் அனார்த்தோசைட்டு வகைப் பாறைக்கே பொருந்தின என்று 2024இல் அறிஞர்கள் வெளியிட்டார்கள். நம் சித்தம்பூண்டிப் பாறையின் தூரத்துச் சொந்தம்!

அதன் பாதையை வரைந்த படத்தை நாங்கள் அறிவியல் கூடத்தில் பெரிதாக வரைந்து மாட்டியிருக்கிறோம். நேர்கோடாக வரைந்தால் அழகாயிருக்குமே என்று ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி கேட்டாள். அப்போது சிஸ்டர், "வளைந்து திரும்பிய இடம்தானம்மா ஊர்தியைக் காப்பாற்றிய இடம். அதை அழித்துவிட்டால் அது பொய்ப் படம் ஆகிவிடும்" என்றார்கள்.

தேர்வில் ஒரு பாடம் தவறினாலும், தொடங்கிய வேலை பாதியில் நின்றாலும், எங்களில் பலர் அழுதிருக்கிறோம். இனி அந்தப் படத்தைப் பார்ப்போம். ஐந்தடி பார்ப்போம், ஐந்தடி நடப்போம், பள்ளம் கண்டால் வெட்கமின்றித் திரும்பி வேறு வழி செல்வோம். எழுபது வளைவு ஏறித்தானே நம் மலைக்கு வருகிறோம்!

– அறிவியல் மன்ற மாணவியர், ஒன்பதாம் வகுப்பு